எம்.டி. சொன்னால் போட்டுவிடலாமா?

கேள்வி

ஆண்டிபட்டியிலிருந்து எழுதுகிறேன். இந்தப் பக்கம் ஒரு நூற்பாலையில் கணக்கு மேலாளராக இருக்கிறேன். பி.காம். முடித்து, சி.எம்.ஏ. இன்டரில் ஒரு குரூப் தேறினேன். பிறகு கல்யாணம், குழந்தைகள், வீட்டுக் கடன் என்று படிப்பு அப்படியே நின்றுவிட்டது.

மில் இரண்டு வருடமாகத் தள்ளாடுகிறது. மார்ச் 31 கணக்கை முடித்துப் பார்த்தால் கொஞ்சம் நஷ்டம் வருகிறது. எம்.டி. கூப்பிட்டு மூன்று விஷயம் சொன்னார். “பஞ்சையும் நூலையும் அடக்க விலையிலேயே வெச்சிரு, மார்க்கெட் விலைக்கு இறக்காத. வேஸ்ட்டை ஒரு பர்சன்ட் குறைச்சுக் காமி. ரிங் ஃபிரேம் ரிப்பேர் செலவு 18 லட்சத்தையும் மெஷினரி கணக்குல ஏத்திவிட்டுரு. பத்து லட்சமாவது லாபம் நிக்கட்டும். நஷ்டம்னு போனா பேங்க்ல லிமிட்டைக் குறைச்சிருவாங்க. இந்த ஒரு வருசம்தான்.”

அவர் கெட்டவர் இல்லை ஐயா. கொரோனா ஊரடங்கில் மில் பூட்டிக் கிடந்தபோதும் ஆட்களுக்குப் பாதிச் சம்பளம் கொடுத்தவர். என் தங்கச்சி கல்யாணத்துக்கு வட்டியில்லாமல் பணம் தந்தார். இதில் நான் எனக்கென்று ஒரு ரூபாய் எடுக்கப்போவதில்லை, அவரும் எடுக்கப்போவதில்லை. மில் நின்றால் இருநூறு குடும்பம் தெருவில் நிற்கும். ‘மேனேஜ்மென்ட் எஸ்டிமேட்’ என்று எழுதிக் கொடுத்தால் ஆடிட்டரும் பெரிதாகக் கேட்கமாட்டார். மனசறிந்து யாருக்கும் கெடுதல் நினைக்காதவன் இதைச் செய்தால் தப்பா? நல்ல மனிதனாக இருந்தால் போதாதா, தொழிலுக்கென்று தனியாக ஒரு நேர்மை வேண்டுமா?

— பெயர் வேண்டாம், ஆண்டிபட்டி

பதில்

உங்கள் எம்.டி. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். நீங்களும் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘தப்பா, சரியா’ என்று கேட்கிறீர்கள். முதலில் மூட்டையைப் பிரிப்போம். அவர் சொன்னதில் ஒன்று, ஆதாரத்தைப் பொறுத்துச் சரியாகவும் இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம். ஒன்று சுத்தப் பொய். மற்றொன்று பெரும்பகுதி பொய், ஓரத்தில் கொஞ்சம் உண்மை இருக்க வாய்ப்புண்டு.

ஸ்டாக் விலையிலிருந்து தொடங்குகிறேன், சுவாரசியமானது அதுதான். அடக்க விலை, விற்றால் செலவு போகக் கைக்கு வரும் விலை, இரண்டில் எது குறைவோ அதில் இருப்பை வைக்க வேண்டும் என்பது ஏ.எஸ். 2 என்கிற கணக்கியல் தரத்தின் விதி. பி.காம். முதல் வருடத்திலேயே படித்திருப்பீர்கள். ஆனால் அதே தரத்தில் மில்காரர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. பஞ்சு விலை விழுந்துவிட்டது என்பதற்காக மட்டும் பஞ்சு இருப்பைக் குறைக்க வேண்டியதில்லை. அந்தப் பஞ்சில் நூற்கும் நூல், அதன் அடக்கத்துக்குக் குறையாமல் விற்கும் என்று எதிர்பார்க்க முடிந்தால் வாங்கின விலையிலேயே வைக்கலாம். நூலும் அடக்கத்துக்குக் கீழே போய்விட்டது என்றால்தான் பஞ்சை இறக்க வேண்டும்.

‘எதிர்பார்க்க முடிந்தால்’ என்ற இடத்தில்தான் மனிதன் உள்ளே வருகிறான். 2022 மே மாதம் நினைவிருக்கும். பஞ்சு கண்டி ஒரு லட்சத்தைத் தாண்டியது. இன்னும் ஏறும் என்று வாங்கிக் குவித்தவர்கள் பலர். அந்த வருடம் முடிவதற்குள் விலை சரிந்தது. உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு லட்சத்துக்கு வாங்கிய 500 கண்டி குடோனில் இருக்கிறது. மார்ச் 31 அன்று விலை 62,000. வாங்கின விலையில் வைத்தால் 5 கோடி, இறக்கினால் 3 கோடியே 10 லட்சம். லாபத்தில் 1 கோடியே 90 லட்சம் வித்தியாசம். வங்கியில் 25 சதவீதம் மார்ஜின் என்று வைத்தால் டி.பி. (இருப்பை வைத்து வங்கியிலிருந்து எடுக்கக்கூடிய தொகை) 3 கோடியே 75 லட்சத்திலிருந்து 2 கோடியே 32 லட்சத்து 50 ஆயிரமாக இறங்கும். 500 கண்டி என்றால் ஆயிரத்துச் சொச்சம் பேல். குடோனுக்குப் போனால் எண்ணிவிடலாம். ஏப்ரலில் நூல் என்ன விலைக்குப் போகும் என்பதை அப்படி எண்ண முடியாது. அதனால்தான் கைவைப்பவர்கள் எண்ணிக்கையை விட்டுவிட்டு விலையில் கைவைக்கிறார்கள்.

ஆகவே எம்.டி.யிடம் நீங்கள் கேட்க வேண்டியது, “அடக்கத்துக்குக் குறையாம நூல் போகும்னு சொல்ல நம்மகிட்ட என்ன இருக்கு?” என்பதைத்தான். கையில் ஏப்ரல், மே டெலிவரிக்கு உறுதியான ஆர்டர் இருக்கிறதா, என்ன விலையில்? மார்ச் கடைசி வாரத்தில் ஈரோடு, திருப்பூர் ஏஜென்ட்டுகள் அனுப்பிய விலை என்ன? கணக்கு முடிப்பதற்குள் ஏப்ரல் பில்கள் சில கைக்கு வந்துவிடுமே, அவை என்ன சொல்கின்றன? இவை மூன்றும் எம்.டி. பக்கம் பேசினால் தயங்காமல் அடக்க விலையில் வையுங்கள். அது கணக்கை வளைப்பதாகாது. மூன்றும் எதிராகப் பேசும்போது ‘விலை ஏறும்னு மனசு சொல்லுது’ என்றால், அந்த மனசுக்கு பேலன்ஸ் ஷீட்டில் இடமில்லை.

வேஸ்ட் விஷயத்தில் இவ்வளவு பேச்சே தேவையில்லை. மிக்ஸிங்கில் எத்தனை கிலோ போனது, நூலாக எத்தனை வந்தது, கழிவாக எத்தனை விற்றீர்கள், இன்விசிபிள் லாஸ் எவ்வளவு என்று உங்கள் ஸ்பின்னிங் மாஸ்டர் தினமும் எழுதி வைக்கிறார். ஒரு பர்சன்ட் குறைத்துக் காட்டினால் இல்லாத பஞ்சு தாளில் இருப்பாக நிற்கும். இதை எந்தத் தரமும் மதிப்பீடு என்று ஒப்புக்கொள்ளாது. நடந்ததை நடக்காததாக எழுதுவது அது. தவிர, அந்த ஒரு பர்சன்ட் அடுத்த வருடமும் தொடர்ந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருட வேஸ்ட் திடீரென்று எகிறி நிற்கும். யாராவது ஏன் என்று கேட்பார்கள்.

இனி அந்த 18 லட்சம். பேரிங் மாற்றியது, காட்ஸ் தேய்த்தது, பெல்ட், ஆயில், ஃபிட்டர் கூலி எல்லாம் அந்தந்த வருடச் செலவு. பழைய டிராஃப்டிங் அமைப்பையே கழற்றிவிட்டுப் புதிது போட்டிருந்தால், அந்த அளவுக்கு மெஷினரி கணக்கில் ஏற்றலாம். கழற்றியதன் மதிப்பை வெளியே எடுக்கவும் வேண்டும். பில்களைப் பிரித்துப் பார்த்துவிட்டீர்களா? பிரித்தால் எம்.டி. கேட்பதில் இரண்டோ மூன்றோ லட்சம் நியாயமாகவே அவருக்குக் கிடைக்கலாம். முழுவதையும் ஏற்றினால் என்ன ஆகும் என்று பாருங்கள். கம்பெனிச் சட்டம் இரண்டாம் அட்டவணைப்படி 15 வருட ஆயுள், 5 சதவீதம் மிச்ச மதிப்பு. மூன்று ஷிஃப்ட் ஓடினால் தேய்மானம் இருமடங்கு. முழு வருடத்துக்கே கணக்கிட்டாலும் 2 லட்சத்து 28 ஆயிரம்தான் செலவாகும். மீதி 15 லட்சத்துக்கு மேல் லாபமாகத் தெரியும். நஷ்டம் சின்னதுதான் என்றால், எம்.டி. கேட்கிற பத்து லட்சம் இந்த ஒரு என்ட்ரியிலேயே வந்துவிடுகிறது. அதனால்தான் செலவைச் சொத்தாக்கும் இந்த வழி உலகம் முழுக்கப் பிரபலம்.

இதே வழியில் போன ஒரு பெண்ணின் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலம் கிளின்டன் என்ற சிறிய ஊரில் வேர்ல்ட்காம் என்ற தொலைபேசி நிறுவனம் இருந்தது. அதன் கணக்குப் பிரிவில் நடுமட்ட மேலாளர் பெட்டி வின்சன். 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் மேலதிகாரிகள் 82 கோடியே 80 லட்சம் டாலரைக் கணக்கில் சரிக்கட்டச் சொன்னார்கள். அவருக்கு மனசு ஒப்பவில்லை. அவரும் உடன் வேலை பார்த்த ட்ராய் நார்மண்டும் ராஜினாமாக் கடிதம் எழுதினார்கள். நிதித் தலைவர் ஸ்காட் சல்லிவன் கூப்பிட்டுப் பேசினார். இந்த ஒரு தடவைதான், கம்பெனி நிலைக்கு வந்ததும் வேண்டுமானால் போங்கள், பழி எதுவும் உங்கள் மேல் வராது என்கிற தோரணை. வின்சனின் சம்பளத்தில்தான் அவர் குடும்பம் முக்கியமாக ஓடியது. கடிதத்தைக் கொடுக்கவில்லை.

அடுத்த காலாண்டும் வந்தது. 2001-இல், மற்றக் கம்பெனிகளின் தொலைபேசித் தடங்களைப் பயன்படுத்தியதற்குக் கொடுத்த வாடகையைச் சொத்தாக மாற்றி எழுதச் சொன்னார்கள். உங்கள் 18 லட்சத்தைப் போலத்தான், தொகை மட்டும் பெரிது. எழுதினார். நடுவில் பதவி உயர்வும் கிடைத்தது. 2002-இல் சிந்தியா கூப்பர் என்ற உள்தணிக்கைத் தலைவரும் அவர் குழுவினரும் இரவு நேரங்களில் உட்கார்ந்து என்ட்ரிகளைத் தோண்டினார்கள்; அந்த ஜூலையிலேயே நிறுவனம் திவால். வின்சன் குற்றத்தை ஒப்புக்கொண்டு மற்றவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னார். அப்படியும் 2005-இல் ஐந்து மாதம் சிறை, ஐந்து மாதம் வீட்டுக்காவல். கம்பெனிப் பணத்தில் ஒரு டாலரைக்கூட அவர் பைக்குள் போட்டதாக யாரும் சொல்லவில்லை.

நீங்கள் எழுதிய “எனக்கென்று ஒரு ரூபாய் எடுக்கப்போவதில்லை” என்ற வரியை இப்போது இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்.

நம் பக்கத்துக் கதைகளும் இருக்கின்றன. ஹைதராபாத் மென்பொருள் நிறுவனமான சத்யம் பற்றி நீங்கள் அறியாதது குறைவாகத்தான் இருக்கும். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில் கவனிக்க வேண்டியது 5,040 கோடி இல்லாத ரொக்கம் என்ற பெரிய எண் மட்டுமல்ல. உண்மை லாபத்துக்கும் காட்டிய லாபத்துக்கும் தொடக்கத்தில் இருந்தது சின்ன இடைவெளிதான், அது வருடத்துக்கு வருடம் வளர்ந்தது என்று அவரே எழுதியிருந்தார். 2008 செப்டம்பர் காலாண்டில் உண்மையான இயக்க லாபம் 61 கோடி. காட்டியது 649 கோடி. புலிமேல் ஏறியவனுக்கு இறங்க வழி தெரியவில்லை என்கிற பொருளில் எழுதியிருந்தார். 2015 ஏப்ரல் 9-இல் ஹைதராபாத் விசாரணை நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஏழாண்டு சிறை விதித்தது. மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. அந்தப் பத்துப் பேரில் ராஜு சகோதரர்கள் மட்டுமல்ல, நிதிப் பிரிவு ஊழியர்களும் உள்தணிக்கைத் தலைவரும் இருந்தார்கள் என்பதுதான் உங்கள் நாற்காலிக்கு வேண்டிய செய்தி.

சென்னையில் ஃபர்ஸ்ட் லீசிங் கம்பெனி ஆஃப் இந்தியா. 1973-இல் தொடங்கியது, நாட்டின் முதல் லீசிங் நிறுவனம், ஊருக்குள் கௌரவமான பெயர். கணக்கு பல வருடமாகப் பொய்யாக ஊதப்பட்டிருந்தது 2013-இல் வெளியே வந்தது. நிர்வாக இயக்குநரே ஒப்புக்கொண்டார். ரிசர்வ் வங்கி தொழில் நடத்தத் தடை விதித்தது. அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளை நானும் ஒருகாலத்தில் மரியாதையோடு புரட்டியவன்.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். நல்ல மனிதனாக இருந்தால் போதாதா?

போதாது என்பதுதான் என் பதில். ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று முதலில் சொல்கிறேன், பிறகு என் அபிப்பிராயம். 2008-இல் கிரீன்ஃபீல்ட், நார்மன், வியர் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் வணிகவியல் மாணவர்களிடம் கணக்கை வளைக்கத் தூண்டும் சூழல் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். அறத்தைப் பற்றிய ஒருவரின் அடிப்படைப் பார்வைக்கும் அவர் லாபத்தை வளைப்பதற்கும் தொடர்பு இருந்தது. யாருக்கும் கேடு வரக் கூடாது என்று உறுதியாக நினைப்பவர்கள் குறைவாக வளைத்தார்கள். எல்லாம் சந்தர்ப்பத்தைப் பொறுத்தது என்பவர்கள் அதிகம் வளைத்தார்கள். தொழில்மீது பிடிப்பு அதிகம் உள்ளவர்களும் குறைவாகவே வளைத்தார்கள். தனக்கு ஆதாயம் கிடைக்கும்போதும் அந்தப் பிடிப்பு தாங்கியது. மாணவர்களுக்கு வீட்டுக் கடன் கிடையாது, எதிரே உட்கார்ந்து பார்க்கிற எம்.டி.யும் கிடையாது, ஆகவே இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனாலும் திசை சரி என்றே எனக்குப் படுகிறது.

அதில் ஒரு இடத்தில் மட்டும் நம் ஊர் நிலைமை மாறுகிறது. ‘யாருக்கும் கேடு வரக் கூடாது’ என்கிற அதே நல்ல குணம்தான் உங்களை இங்கே தப்பான பக்கம் இழுக்கிறது. இருநூறு குடும்பம் கண்ணுக்குத் தெரிகிறது. ஷிஃப்ட் முடிந்து மில் பஸ்ஸில் ஏறும் சைடர் பெண்களை உங்களுக்குப் பேர் சொல்லித் தெரியும். வங்கியில் பணம் போட்டிருப்பவரையும், உங்கள் கணக்கை நம்பிக் கடனுக்குப் பஞ்சு அனுப்பும் வியாபாரியையும் நீங்கள் பார்த்ததில்லை. பார்க்காதவருக்குப் போய்ச் சேரும் கேடு மனசை உறுத்துவதில்லை. தங்கச்சி கல்யாணத்துக்குக் கொடுத்த பணமோ நன்றாகவே உறுத்துகிறது. கர்ணனைக் கட்டிப்போட்ட அதே செஞ்சோற்றுக் கடன் உங்களையும் கட்டிப்போட்டிருக்கிறது. இத்தனை வருடத்தில் கணக்கறைகளில் நான் பார்த்த தப்பில் பேராசைக்காரர்கள் செய்ததைவிட விசுவாசிகள் செய்தது அதிகம்.

தொழில் நேர்மை உதவிக்கு வருவது இங்கேதான். மில்லுக்கு வெளியே உங்களுக்கு இன்னொரு ஊர்க்கூட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே தரத்தைப் படித்தவர்கள், அதே பேலன்ஸ் ஷீட்டை நாளைக்குப் பிரித்துப் பார்க்கக்கூடியவர்கள். அவர்கள் முன்னால் இந்த என்ட்ரியை நியாயப்படுத்த முடியுமா என்று ஒரு ஆள் தன்னைத் தானே கேட்டுக்கொள்வதுதான் தொழில்மீதான பிடிப்பு. எம்.டி.மீது உங்களுக்கு இருக்கும் அன்பை அது குறைக்கச் சொல்லவில்லை. அன்பைக் காட்டும் இடம் லெட்ஜர் இல்லை என்று மட்டும் சொல்கிறது. கொடுத்த பணத்தைத் தவணை போட்டுத் திருப்பிக் கொடுங்கள், வேண்டுமானால் இரண்டு மணி நேரம் கூட இருந்து வேலை பாருங்கள்.

பிடிப்பு வெறும் மனசு சம்பந்தப்பட்டதும் இல்லை. அரைகுறையாக நிற்கும் உங்கள் சி.எம்.ஏ.வைப் பற்றி இரண்டு வார்த்தை. அதை முடியுங்கள். சம்பளம் கூடும் என்பதற்காகச் சொல்லவில்லை. ஆண்டிபட்டியைச் சுற்றி உங்கள் அனுபவத்துக்கு வேலை கொடுக்கக்கூடிய மில்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவை, அந்த முதலாளிகளும் ஒருவருக்கொருவர் உறவோ பழக்கமோ. இந்த வேலையை விட்டால் வேறு வேலை இல்லை என்கிறவன் எவ்வளவு யோக்கியனாக இருந்தாலும் ‘முடியாது’ என்று சொல்ல நாக்கு எழாது. கோயம்புத்தூரிலோ மதுரையிலோ நாளைக்கே ஒரு இடம் கிடைக்கும் என்கிற தைரியம் இருந்தால் அதே வார்த்தை சாதாரணமாக வாயிலிருந்து வரும். நேர்மையை உபதேசிக்கிறவர்கள் இந்தப் பொருளாதாரத்தைப் பேசுவதில்லை. எனக்கு அதில் எப்போதும் எரிச்சல் உண்டு.

எம்.டி. உங்களிடம் கேட்காத நான்காவது ஒன்றும் இருக்கிறது. அதை அவர் மாஸ்டரிடம் நேரடியாகச் சொல்லியிருப்பார்: “மார்ச் முடியட்டும், டிராவலர், காட்ஸ் எல்லாம் ஏப்ரல்ல மாத்திக்கலாம்.” என்ட்ரி எதுவும் பொய்யில்லை, செலவே நடக்கவில்லை, லாபம் கூடும். தேய்ந்த டிராவலரோடு ஃபிரேம் ஓடினால் நூல் அறுந்துகொண்டே இருக்கும், நூலில் பிசிறு எழும்பும், இரண்டு மாதம் கழித்து வாங்கினவரிடமிருந்து புகார் வரும். புரூன்ஸ், மெர்ச்சன்ட் என்ற இருவர் 649 மேலாளர்களிடம் கேட்டு 1990-இல் எழுதினார்கள்: கணக்கில் கைவைப்பதைத் தப்பென்று சொன்ன அதே மேலாளர்கள், இப்படி வேலையில் கைவைத்து லாபத்தைக் கூட்டுவதைப் பெரிய தப்பாக நினைக்கவில்லை. 2005-இல் கிரஹாம், ஹார்வி, ராஜ்கோபால் நடத்திய ஆய்வில் 400-க்கு மேற்பட்ட நிதி அதிகாரிகள் பதில் சொன்னார்கள். அவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர், இலக்கைத் தொட வேண்டுமென்றால் ஆராய்ச்சி, விளம்பரம், பராமரிப்புச் செலவைக் குறைப்போம் என்று கூசாமல் சொன்னார்கள். சட்டத்துக்கு இதில் வேலையில்லை. மில்லுக்குக் கேடு என்னவோ பொய் என்ட்ரியைவிட இதில் அதிகம். உங்களால் தடுக்க முடியாது, மாதாந்திர எம்.ஐ.எஸ். அறிக்கையில் ‘தள்ளிவைத்த பராமரிப்பு’ என்று ஒரு வரி சேர்த்து எம்.டி. கண்ணில் படவைக்க முடியும். அதைச் செய்யுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் ‘எம்.டி. சொன்னார், போட்டேன்’ என்பது அங்கே பதிலாகாது. பாரதிய நியாய சம்ஹிதை 344-ஆவது பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 477-ஏ) பொய்க் கணக்கு எழுதுவதற்கு ஏழு வருடம் வரை சிறை என்கிறது. அந்தப் பிரிவு முதலாளியை மனதில் வைத்து எழுதப்பட்டதே அல்ல. ‘எழுத்தர், அலுவலர், ஊழியர்’ என்றுதான் தொடங்குகிறது. கம்பெனிச் சட்டத்தின் 447-ஆவது பிரிவில் பெரிய மோசடி என்றால் பத்து வருடம் வரை போகும். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் பதிவாக வேண்டும், அந்த வசதியை அணைத்துவைக்கக் கூடாது. ஏப்ரல் 20-ஆம் தேதி இரவு எந்த ஐ.டி.யிலிருந்து மார்ச் 31 என்ட்ரி மாற்றப்பட்டது என்பது உங்கள் டேலியிலேயே இருக்கும். எம்.டி.யின் ஐ.டி.யிலிருந்து அது நடக்கப்போவதில்லை.

ஆடிட்டர் கேட்கமாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கட்டாயம் இப்போது அவருக்கு உண்டு. கேரோ 2020 என்கிற தணிக்கை அறிக்கை உத்தரவு உங்கள் கம்பெனிக்குப் பொருந்துமானால், நடைமுறை மூலதன லிமிட் 5 கோடியைத் தாண்டும்போது, வங்கிக்குக் கொடுத்த காலாண்டு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று அவர் தன் அறிக்கையிலேயே எழுத வேண்டும். இன்னொன்று, பத்து லட்சம் லாபத்தால் வங்கி ஏமாந்துவிடும் என்பதும் உங்கள் எம்.டி.யின் ஆசைதான். பர்க்ஸ்டாலர், டிசேவ் என்ற இருவர் 1997-இலேயே ஆயிரக்கணக்கான அமெரிக்க நிறுவனங்களின் கணக்கை வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். சின்ன நஷ்டம் காட்டியவை இருக்க வேண்டியதைவிடக் குறைவு, சின்ன லாபம் காட்டியவை இருக்க வேண்டியதைவிட அதிகம். மயிரிழையில் தப்பிய லாபத்தைப் பார்த்தால் விவரமான கிரெடிட் ஆபீசர் நிம்மதியாக மாட்டார், அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்.

சரி, என்ன செய்வது? எம்.டி.யிடம் தனியாக, மாலையில், ஆள் இல்லாத நேரத்தில் பேசுங்கள். வெறும் கையோடு போகாதீர்கள். 18 லட்சத்தின் பில்களைப் பிரித்து, நியாயமாகச் சொத்தில் ஏறக்கூடியதை எழுதிக்கொண்டு போங்கள். ஸ்டாக் விலைக்கு ஆர்டர், ஏஜென்ட் விலை, ஏப்ரல் பில் மூன்றையும் ஒரே தாளில் வையுங்கள். இவற்றுக்குப் பிறகு நஷ்டம் எவ்வளவு நிற்கிறது என்று காட்டுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அது சின்னதாகத்தான் இருக்கும். நஷ்டம் காட்டினாலேயே கணக்கு வாராக்கடன் ஆகிவிடாது. அசலோ வட்டியோ 90 நாளுக்கு மேல் நின்றாலோ, கேஷ் கிரெடிட் கணக்கு அதே அளவு நாள் வரம்பு மீறிக் கிடந்தாலோதான் அந்தப் பேச்சு. அதற்கு முன்னாலேயே, 25 கோடி வரை கடன் உள்ள குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 2016-இல் ரிசர்வ் வங்கி ஒரு மறுவாழ்வு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. நெருக்கடியை உணரும் நிறுவனமே வங்கியின் குழுவிடம் மனுப் போடலாம். தவணையைத் திருத்தி அமைக்க வழி இருக்கிறது. உண்மையான ஸ்டேட்மென்ட்டோடு போகிறவருக்குத்தான் அந்தக் கதவு. பொய் ஸ்டாக் காட்டிப் பிறகு மாட்டினால் மோசடிக் கணக்கு என்ற முத்திரை விழும், அப்போது அந்த இருநூறு குடும்பத்துக்கு மில்லும் இருக்காது, கடனும் இருக்காது.

பேசி முடித்ததும் அன்றிரவே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். குற்றம் சாட்டும் தொனியே வேண்டாம். “இன்று பேசியபடி, இந்த ஆதாரங்களின் அடிப்படையில் ஸ்டாக்கை இப்படி மதிப்பிட்டிருக்கிறேன், வேஸ்ட் மாஸ்டர் பதிவுப்படி, ரிப்பேரில் இவ்வளவு சொத்து, இவ்வளவு செலவு” என்று நாலு வரி போதும். எம்.டி. நீங்கள் சொல்கிற அளவுக்கு நல்லவர் என்றால் இரண்டு நாள் முறைத்துவிட்டு ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொள்ளாமல் வேறு ஆளை வைத்துப் போடச் சொன்னால், அந்த நிதிநிலை அறிக்கையில் எங்கும் உங்கள் கையெழுத்தோ உங்கள் ஐ.டி.யோ இருக்கக் கூடாது. அந்தக் கட்டம் வந்தால் வேறு வேலை தேடுங்கள் என்றே சொல்வேன், தங்கச்சி கல்யாணக் கடனைத் தீர்த்துவிட்டு.

ஒரு விவரத்தை நீங்கள் எழுதவில்லை. வங்கிகளிடமிருந்து உங்கள் கம்பெனி வாங்கிய கடன் மொத்தம் 50 கோடியைத் தாண்டுகிறதா? தாண்டினால், பட்டியலிடப்படாத கம்பெனியாக இருந்தாலும் கம்பெனிச் சட்டத்தின் 177-ஆவது பிரிவின்படி ஊழியர்கள் புகாரைச் சொல்வதற்கும், சொன்னவரைப் பழிவாங்காமல் காப்பதற்கும் ஒரு ஏற்பாடு இருந்தே ஆக வேண்டும். கடைசி ஆண்டறிக்கையில் இயக்குநர் அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அதை வைத்து மேற்கொண்டு சொல்கிறேன்.